மியூசிக் தியரி முதல் கிரேடு: மனப்பாடத்தைக் குறைத்துப் படிக்கும் வழி

கீபோர்டு, பியானோ, வயலின், கிட்டார் என எதைக் கற்றுக்கொண்டாலும் ஒரு கட்டத்தில் தியரி பரீட்சை வந்து நிற்கும். விரல் நன்றாக ஓடுகிற பிள்ளைகள்கூட அந்த இடத்தில் தயங்கிவிடுகிறார்கள். புத்தகத்தைத் திறந்தால் ஐந்து கோடுகள், விதவிதமான புள்ளிகள், இத்தாலியச் சொற்கள், பின்னங்கள் போலத் தெரியும் எண்கள். எல்லாவற்றையும் அப்படியே உருப்போட வேண்டும் என்று யாராவது சொல்லிவைத்திருப்பார்கள். பிள்ளையும் உருப்போடும். பரீட்சையில் கேள்வி கொஞ்சம் மாறி வந்தால் திணறும்.

உண்மையில் முதல் கிரேடில் மனப்பாடம் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். ஒவ்வொரு கிளெஃபிலும் ஒரே ஒரு கோட்டின் பெயர், நோட்டுகளின் (ஸ்வரங்களை எழுதும் குறிகளின்) நீளம், மேஜர் ஸ்கேலின் சூத்திரம், அப்புறம் ஒரு பிடி இத்தாலியச் சொற்கள். இவை கெட்டியாக இருந்தால் மற்றதை எல்லாம் பரீட்சை நேரத்திலேயே கணக்குப் போட்டு வரவழைத்துவிடலாம். எதை நினைவில் வைப்பது, எதை வரவழைப்பது என்று பிரித்துக்கொள்வதுதான் இந்தப் பரீட்சைக்குப் படிக்கும் முறை.

பரீட்சையைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் எழுதுவது லண்டனைச் சேர்ந்த இரண்டு அமைப்புகளின் தேர்வுகள்: ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டி. 1889இல் தொடங்கப்பட்ட ஏபிஆர்எஸ்எம்மின் பாடத்திட்டத்தை வைத்து இங்கே எழுதுகிறேன். டிரினிட்டிக்கும் அடிப்படை இதுவே, சில்லறை வேறுபாடுகள் மட்டும் இருக்கும். ஏபிஆர்எஸ்எம்மில் முதல் ஐந்து கிரேடு தியரியைக் கணினியில் எழுத வேண்டும். மொத்தம் 75 மதிப்பெண். 50 எடுத்தால் பாஸ், 60க்கு மெரிட், 65க்கு டிஸ்டிங்ஷன். வாசிப்புத் தேர்வில் ஆறாம் கிரேடுக்குப் போக வேண்டுமானால் ஐந்தாம் கிரேடு தியரியையோ அதற்கு இணையாக அவர்கள் ஏற்கும் இன்னொன்றையோ முடித்திருக்க வேண்டும். அதனால் அடித்தளத்தை இப்போதே ஒழுங்காகப் போட்டுவிடுவது நல்லது.

கோட்டுக்குப் பெயர் வைக்கும் கிளெஃப்

ஐந்து கோடுகளை ஸ்டாஃப் என்றும் ஸ்டேவ் என்றும் சொல்வார்கள். கோடுகளையும் அவற்றுக்கு நடுவே இருக்கும் நான்கு இடைவெளிகளையும் எப்போதும் கீழிருந்து மேலாக எண்ண வேண்டும். வெறும் ஐந்து கோட்டில் ஒரு நோட்டை எழுதினால் அதற்குப் பெயரே கிடையாது. பெயரைக் கொடுப்பது இடது ஓரத்தில் இருக்கும் கிளெஃப்.

11ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் கீதோ என்று ஒரு துறவி இருந்தார். தேவாலயத்தில் பாடும் சிறுவர்கள் ஒரு பாட்டைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்யாமல், ஏட்டைப் பார்த்தே பாட வேண்டும் என்பது அவருடைய நோக்கம். அதற்காகக் கோடுகளை முறைப்படுத்தியபோது எஃப் கோட்டுக்குச் சிவப்பும் சி கோட்டுக்கு மஞ்சளும் பயன்படுத்தினார். ஒரு கோட்டின் பெயர் தெரிந்தால் மேலும் கீழும் எண்ணி மற்றவற்றைக் கண்டுபிடிக்கலாம் அல்லவா? இன்றைய கிளெஃப் செய்வதும் அதே வேலைதான். ட்ரெபிள் கிளெஃப் என்பது ஜி எழுத்தின் அலங்கார வடிவம். அதன் சுருள் இரண்டாம் கோட்டைச் சுற்றி வரும், அந்தக் கோடு ஜி. பேஸ் கிளெஃப் என்பது எஃப் எழுத்திலிருந்து வந்தது. அதன் இரண்டு புள்ளிகளும் நான்காம் கோட்டுக்கு மேலும் கீழும் இருக்கும், அந்தக் கோடு எஃப்.

இதைச் சொல்லிக்கொடுக்காமல், கோடுகளுக்கு ஒரு ஆங்கில வாக்கியம், இடைவெளிகளுக்கு ஒரு சொல் என்று தொடங்குபவர்கள் நிறைய. ட்ரெபிளுக்கு இரண்டு, பேஸுக்கு இரண்டு என நான்கு சூத்திர வாக்கியங்கள் ஆகிவிடும். பதற்றத்தில் ட்ரெபிள் வாக்கியத்தைப் பேஸில் போட்டுவிடுவார்கள். நான் அந்த வாக்கியங்களைப் பரிந்துரைப்பதில்லை. அவற்றுக்குப் பதிலாக அடையாள இடங்கள் சிலவற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது மிடில் சி. ட்ரெபிளில் ஸ்டாஃபுக்குக் கீழே ஒரு சின்னக் கோடு போட்டு, அதாவது ஒரு லெட்ஜர் லைனில், அதை எழுதுவோம். பேஸில் ஸ்டாஃபுக்கு மேலே ஒரு லெட்ஜர் லைனில் எழுதுவோம். இரண்டும் ஒரே ஒலி, பியானோவில் ஒரே கட்டை. அடுத்தது, அதற்கு மேலேயும் கீழேயும் உள்ள சி. ட்ரெபிளில் கீழிருந்து மூன்றாம் இடைவெளி சி. பேஸில் மேலிருந்து மூன்றாம் இடைவெளி சி. மிடில் சி நடுவில் நிற்க, இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தபடி அமைந்திருக்கிறது. இந்தச் சமச்சீர் ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் மறக்காது. மூன்று சி, ஒரு ஜி, ஒரு எஃப். இவ்வளவுதான் அடையாளங்கள்.

இப்போது பேஸ் கிளெஃபில் மேல் கோட்டில் ஒரு நோட்டு இருக்கிறது, பெயர் என்ன என்று கேள்வி. நான்காம் கோடு எஃப். அதற்கு மேலுள்ள இடைவெளி ஜி. அதற்கு மேலே ஐந்தாம் கோடு ஏ. முடிந்தது. ஜிக்கு அப்புறம் மறுபடியும் ஏ வரும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது, ஏ முதல் ஜி வரை எழுத்துகள் ஏழுதான். தொடக்கத்தில் இப்படி எண்ணுவது மெதுவாக இருக்கும். தினமும் ஏதாவது ஒரு இசைத்தாளை எடுத்து, வாசிக்காமல், நோட்டுகளின் பெயரை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கொஞ்ச நாளில் எண்ணாமலே பெயர் வந்துவிடும். பேஸ் கிளெஃபுக்குக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும், முக்கியமாக வயலினும் புல்லாங்குழலும் கற்பவர்கள். அவர்கள் வாசிப்பில் அதைப் பார்ப்பதே இல்லை.

நீளமும் தாளமும்

நோட்டின் தலை எந்த இடத்தில் இருக்கிறது என்பது ஒலியின் உயரத்தைச் சொல்கிறது. அதன் உருவம் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. காம்பு இல்லாத, உள்ளே நிரப்பாத முட்டை வடிவம் செமிபிரீவ், நான்கு எண்ணிக்கை. அதற்கே காம்பு வைத்தால் மினிம், இரண்டு. உள்ளே கறுப்பாக நிரப்பினால் கிராட்செட், ஒன்று. காம்பில் ஒரு கொடி சேர்த்தால் குவேவர், அரை. இரண்டு கொடி சேர்த்தால் செமிகுவேவர், கால். ஒவ்வொரு படியும் முந்தையதில் பாதி.

இவை பிரிட்டிஷ் பெயர்கள். அமெரிக்கர்கள் ஹோல், ஹாஃப், குவார்ட்டர், எய்த், சிக்ஸ்டீன்த் என்று சொல்வார்கள். யூடியூப் பாடங்களில் பெரும்பாலும் அமெரிக்கப் பெயர்கள்தான் காதில் விழும், வினாத்தாளில் பிரிட்டிஷ் பெயர்கள் இருக்கும். இரண்டையும் தெரிந்துவைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. அமெரிக்கப் பெயரால் இன்னொரு நன்மையும் உண்டு, கொஞ்சம் கீழே வரும்.

நோட்டின் வலப்பக்கம் ஒரு புள்ளி வைத்தால் அதன் நீளத்தில் பாதி கூடும். மினிம் இரண்டு, புள்ளி வைத்த மினிம் மூன்று. கிராட்செட் ஒன்று, புள்ளி வைத்த கிராட்செட் ஒன்றரை. புள்ளி வைத்த குவேவர் முக்கால். புள்ளி என்றாலே அரை எண்ணிக்கை என்று நினைத்துக்கொள்வது பரவலான தவறு. எந்த நோட்டுக்கு வைத்திருக்கிறதோ அதன் பாதியைத்தான் கூட்ட வேண்டும். அதே புள்ளி தலைக்கு மேலேயோ கீழேயோ இருந்தால் பொருள் முற்றிலும் வேறு. அது ஸ்டக்காட்டோ, நோட்டைச் சுருக்கமாகத் துண்டித்து வாசிக்கச் சொல்கிறது. பக்கத்தில் இருந்தால் நீட்டு, மேலேயோ கீழேயோ இருந்தால் துண்டி.

வளைகோட்டிலும் இப்படி ஒரு இரட்டை உண்டு. ஒரே உயரத்தில் உள்ள இரண்டு நோட்டுகளைச் சேர்த்தால் அது டை. இரண்டாவதை மறுபடி அடிக்காமல் நீளத்தைக் கூட்டிப் பிடிக்க வேண்டும். வெவ்வேறு உயரத்தில் உள்ள நோட்டுகளைச் சேர்த்தால் அது ஸ்லர், விட்டுவிடாமல் இழைத்து வாசிக்க வேண்டும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் கேள்வி அமைப்பவர்களுக்கு இது பிடித்தமான இடம்.

மௌனத்துக்கும் குறிகள் உண்டு, அவை ரெஸ்ட். செமிபிரீவ் ரெஸ்டும் மினிம் ரெஸ்டும் ஒரே மாதிரிச் சின்னக் கறுப்புப் பட்டைகள். செமிபிரீவ் ரெஸ்ட் நான்காம் கோட்டிலிருந்து கீழே தொங்கும், மினிம் ரெஸ்ட் மூன்றாம் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். கனமான பை கையிலிருந்து தொங்கும் என்று நினைத்துக்கொண்டால் எது பெரியது என்பது நினைவில் நிற்கும். இன்னொன்று: ஸ்டாஃபைக் குறுக்கே வெட்டும் செங்குத்துக் கோடு பார் லைன், இரண்டு பார் லைன்களுக்கு நடுவே உள்ள பகுதி ஒரு பார். ஒரு பார் முழுக்க மௌனம் என்றால், அந்தப் பாரில் இரண்டு எண்ணிக்கை இருந்தாலும் மூன்று இருந்தாலும், செமிபிரீவ் ரெஸ்டையே போட வேண்டும்.

அடுத்து டைம் சிக்னேச்சர். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு எண்கள் இருக்கும், ஆனால் அது பின்னம் கிடையாது. நடுவில் பின்னக்கோடு எழுதக் கூடாது. மேல் எண், ஒரு பாரில் எத்தனை எண்ணிக்கை என்பது. கீழ் எண், எந்த நோட்டை ஒரு எண்ணிக்கையாக வைத்திருக்கிறோம் என்பது. கீழே 4 இருந்தால் கிராட்செட். ஏன் 4? கிராட்செட் என்பது செமிபிரீவில் நாலில் ஒரு பங்கு, அமெரிக்கப் பெயரில் குவார்ட்டர். மேலே சொன்ன நன்மை இதுதான்: கீழ் எண்ணைப் பார்த்ததும் பெயரே விடையாக இருக்கிறது. முதல் கிரேடில் 2/4, 3/4, 4/4 மூன்றும்தான் வரும்.

தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இது எளிது. ரூபகத்தின் மூன்று எண்ணிக்கைபோல 3/4இல் ஒரு பாருக்கு மூன்று. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை இரண்டு 4/4 பார்களுக்குச் சமம். ஒத்துப்போவது எண்ணிக்கை அளவில் மட்டுமே, தாள அங்கங்களை இங்கே தேடக் கூடாது. ஒவ்வொரு பாரின் முதல் எண்ணிக்கைக்கும் அழுத்தம் அதிகம் என்பதை மட்டும் கையில் காட்டித் தட்டிப் பாருங்கள்.

பரீட்சையில் ஒரு பாரைக் கொடுத்து இதன் டைம் சிக்னேச்சர் என்ன என்று கேட்பார்கள். புள்ளி வைத்த குவேவர், ஒரு செமிகுவேவர், ஒரு கிராட்செட் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முக்கால், கால், ஒன்று என்று கூட்டலாம், ஆனால் பின்னத்தில் கை தவறும். பாரில் உள்ள மிகச் சின்ன நோட்டை எடுங்கள்: செமிகுவேவர். எல்லாவற்றையும் அதன் கணக்குக்கு மாற்றுங்கள். புள்ளி வைத்த குவேவர் 3, செமிகுவேவர் 1, கிராட்செட் 4. மொத்தம் 8 செமிகுவேவர். நாலு சேர்ந்தால் ஒரு கிராட்செட், ஆக இரண்டு கிராட்செட். விடை 2/4. விடுபட்ட இடத்தில் எந்த ரெஸ்ட் வரும், பார் லைனை எங்கே போட வேண்டும் என்ற கேள்விகளுக்கும் இதே முறைதான். முழு எண்களில் கூட்டுகிற பிள்ளை தாளக் கேள்வியில் தவறுவது அரிது.

குவேவர்களின் கொடிகளைச் சேர்த்துப் போடும் தடித்த கோடு பீம். எண்ணிக்கைகள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் பீம் போடுகிறோம். அதனால் 4/4இல் முதல் இரண்டு எண்ணிக்கையின் நான்கு குவேவர்களை ஒன்றாகக் கட்டலாம், கடைசி இரண்டையும் அப்படியே. பாரின் நட்ட நடுவைத் தாண்டி, அதாவது இரண்டாம் எண்ணிக்கையையும் மூன்றாவதையும் இணைத்துக் கட்டக் கூடாது. 3/4இல் ஆறு குவேவரையும் ஒரே பீமில் கட்டலாம்.

மூன்றரைக் கட்டை ஏன் இல்லை

ஸ்கேலுக்கு, அதாவது நோட்டுகள் படிப்படியாக ஏறும் வரிசைக்கு வருவோம். தியரியின் இதயம் இந்தப் பகுதி, இங்கே நேரம் செலவழித்தால் பாதிப் பரீட்சை முடிந்த மாதிரி.

பாட்டு வகுப்பில் உங்கள் சுருதி எத்தனைக் கட்டை என்று கேட்பார்கள். ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளைச் சியிலிருந்து எண்ணும் வழக்கம் அது. ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரைக் கட்டை என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ஏழரைக் கட்டையும் கிடையாது. ஈக்கும் எஃப்புக்கும் நடுவிலும், பிக்கும் மேல் சிக்கும் நடுவிலும் கறுப்புக் கட்டை இல்லை என்பதுதான் காரணம்.

கீபோர்டில் ஒரு கட்டையிலிருந்து மிக அருகில் உள்ள கட்டைக்குப் போனால், அது கறுப்போ வெள்ளையோ, அந்தத் தூரம் ஒரு செமிடோன். இரண்டு செமிடோன் சேர்ந்தால் ஒரு டோன். ஒரு நோட்டைச் செமிடோன் ஏற்றினால் ஷார்ப், இறக்கினால் ஃப்ளாட். சியிலிருந்து டிக்கு ஒரு டோன், நடுவில் சி ஷார்ப் இருக்கிறது. ஈயிலிருந்து எஃப்புக்கு வெறும் செமிடோன். மூன்று கட்டையிலிருந்து நான்கு கட்டைக்குச் சுருதியை ஏற்றினால் பெயரில் முழுக் கட்டை ஏறியதாகத் தெரியும், ஒலியில் ஏறியது மற்ற இடங்களில் அரைக் கட்டைக்கு ஏறும் அளவுதான். ஈ–எஃப், பி–சி ஆகிய இந்த இரண்டு செமிடோன்கள் கட்டாயம் நினைவில் இருக்க வேண்டியவை.

இனி மேஜர் ஸ்கேலின் சூத்திரம்: டோன், டோன், செமிடோன், டோன், டோன், டோன், செமிடோன். சியிலிருந்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசித்தால் இந்த வரிசை தானாக அமையும். காதுக்கு இது புதிதல்ல. 29ஆவது மேளமான தீரசங்கராபரணத்தின் ஆரோகணத்தைக் கமகம் இல்லாமல் நேராகப் பாடினால் கிடைக்கும் ஸ்வரங்கள்தான். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவே ஒரு செமிடோன், ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவே ஒரு செமிடோன், மற்றவை எல்லாம் டோன். கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஸ எந்தச் சுருதியிலும் இருக்கலாம், சி அப்படி இல்லை. சி என்பது கீபோர்டில் நிலையான இடம்.

டியில் தொடங்கி மேஜர் ஸ்கேல் எழுதச் சொன்னால் எப்படிச் செய்வது? முதலில் டியிலிருந்து டி வரை எழுத்துகளை வரிசையாக எழுதிவிடுங்கள்: டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி, சி, டி. ஒவ்வொரு எழுத்தும் ஒருமுறை வர வேண்டும், எதுவும் விடுபடக் கூடாது. இப்போது சூத்திரத்தை ஒவ்வொரு அடியாக ஒப்பிடுங்கள். டியிலிருந்து ஈக்கு டோன், சரி. ஈயிலிருந்து எஃப்புக்கு டோன் வேண்டும், இருப்பது செமிடோன். எஃப்பை ஏற்றி எஃப் ஷார்ப் ஆக்குகிறோம். எஃப் ஷார்ப்பிலிருந்து ஜிக்கு செமிடோன், சரி. ஜி–ஏ டோன், ஏ–பி டோன். பியிலிருந்து சிக்கு டோன் வேண்டும், இருப்பது செமிடோன், சி ஷார்ப். அங்கிருந்து டிக்கு செமிடோன், முடிந்தது. டி மேஜரில் எஃப் ஷார்ப், சி ஷார்ப் என்று யாரும் சொல்லித்தராமலே வந்துவிட்டது.

எஃப் ஷார்ப்பை ஜி ஃப்ளாட் என்று எழுதினால் என்ன, அதே கட்டைதானே என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. நல்ல கேள்வி. அப்படி எழுதினால் எஃப் என்ற எழுத்தே இல்லாமல் போய், ஜி இரண்டு முறை வரும். ஸ்டாஃபில் ஒரு இடைவெளி காலியாகவும் ஒரு கோட்டில் இரண்டு நோட்டும் இருக்கும், படிப்பவருக்கு ஸ்கேல் கண்ணில் தெரியாது. எழுத்துகளை முதலில் எழுதிவிட்டு அப்புறம் குறி சேர்ப்பதன் பயன் இதுதான்.

இதே வழியில் ஜி மேஜரைப் போட்டுப் பாருங்கள், எஃப் ஷார்ப் மட்டும் வரும். எஃப் மேஜரில் ஏயிலிருந்து அடுத்ததற்குச் செமிடோன் வேண்டும், ஆனால் ஏ–பி டோன். பியை இறக்கி பி ஃப்ளாட் ஆக்க வேண்டும். ஒரு பாட்டு எந்த ஸ்கேலில் அமைந்திருக்கிறதோ அது அதன் கீ. சி, ஜி, டி, எஃப் ஆகிய நான்குதான் முதல் கிரேடின் கீகள். கட்டைக் கணக்கில் ஒன்று, ஐந்து, இரண்டு, நான்கு.

ஒவ்வொரு முறையும் ஷார்ப் போடுவதற்குப் பதிலாகக் கிளெஃபுக்கு அடுத்து ஒரே தடவை போட்டுவிட்டால் அது கீ சிக்னேச்சர். எஃப் கோட்டில் ஒரு ஷார்ப் இருந்தால், அந்தப் பாட்டில் எந்த உயரத்தில் எஃப் வந்தாலும் ஷார்ப்தான். நடுவில் ஒரு நோட்டுக்கு முன்னால் தனியாக வரும் ஷார்ப், ஃப்ளாட், நேச்சுரல் (ஷார்ப்பையோ ஃப்ளாட்டையோ நீக்கும் குறி) ஆகியவற்றுக்குச் சட்டம் வேறு. இவற்றை ஆக்சிடென்டல் என்பார்கள். இவை அந்தப் பார் முடியும் வரைக்கும், அதே உயரத்தில் வரும் அதே நோட்டுக்கும் மட்டும்தான். சி மேஜரில் ஒரு பாரில் கீழ் எஃப்புக்கு ஷார்ப் போட்டிருக்கிறது; அதே பாரில் அதே எஃப் மறுபடி குறி இல்லாமல் வருகிறது; அதுவும் எஃப் ஷார்ப். மேல் ஸ்தாயி எஃப் குறி இல்லாமல் வந்தால் அது சாதாரண எஃப். பார் லைனைத் தாண்டிய பின் வரும் எஃப்பும் சாதாரண எஃப்தான். பரீட்சையில் வட்டமிட்ட ஒரு நோட்டின் பெயரைக் கேட்டால், அந்த நோட்டை மட்டும் பார்க்காமல் பாரின் தொடக்கத்திலிருந்தும் கீ சிக்னேச்சரிலிருந்தும் பார்த்துவர வேண்டும். சொல்லும்போது எஃப் ஷார்ப் என்று குறியைப் பின்னால் சொல்கிறோம், எழுதும்போது குறி நோட்டுக்கு இடப்பக்கம், அதே கோட்டில் அல்லது அதே இடைவெளியில் வர வேண்டும்.

ஸ்கேலிலிருந்து கிடைக்கும் மற்றவை

இன்டர்வெல் என்பது இரண்டு நோட்டுகளுக்கு இடையேயான தூரம். முதல் கிரேடில் எண்ணை மட்டும் சொன்னால் போதும். தொடங்கும் நோட்டையும் முடியும் நோட்டையும் சேர்த்து எண்ண வேண்டும்: சியிலிருந்து ஜி வரை சி, டி, ஈ, எஃப், ஜி, ஆக ஐந்தாவது. தாண்டும் அடிகளை எண்ணி நான்காவது என்று எழுதுபவர்கள் அதிகம். கண்ணாலும் பிடிக்கலாம். இரண்டும் கோட்டில் அல்லது இரண்டும் இடைவெளியில் இருந்தால் விடை ஒற்றைப்படை, ஒன்று கோட்டிலும் மற்றது இடைவெளியிலும் இருந்தால் இரட்டைப்படை. விடையைச் சரிபார்க்க இது போதும்.

ஸ்கேலின் முதல் நோட்டு டானிக். டானிக், அதற்கு மேல் மூன்றாவது, ஐந்தாவது ஆகிய மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் டானிக் டிரையட். டி மேஜரில் டி, எஃப் ஷார்ப், ஏ. மூன்றும் கோட்டில் இருக்கும் அல்லது மூன்றும் இடைவெளியில் இருக்கும். கீபோர்டு வாசிப்பவர்கள் இதையே கார்டு என்று தினமும் இடது கையில் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தாலியச் சொற்களுக்கு மட்டும் குறுக்கு வழி கிடையாது, உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டும். ஆனால் அகர வரிசையில் படிக்காதீர்கள், அர்த்தத்தின் வரிசையில் அடுக்கிப் படியுங்கள். வேகம்: அடாஜியோ மெதுவாக, ஆண்டான்டே நடக்கும் வேகத்தில், மாடராட்டோ மிதமாக, அலெக்ரோ விரைவாக, பிரெஸ்டோ மிக வேகமாக. ஓசை: பியானோ மென்மையாக, ஃபோர்ட்டே பலமாக, முன்னால் மெட்சோ சேர்ந்தால் ஓரளவு. படிப்படியாகக் கூடுவது கிரெஷெண்டோ, குறைவது டிமினுவெண்டோ. வேகம் படிப்படியாகக் குறைவது ரிட்டார்டாண்டோ, பழைய வேகத்துக்குத் திரும்புவது ஆ டெம்போ. தெரிந்த ஒரு மெட்டை எடுத்து ஒவ்வொரு சொல்லுக்கும் ஏற்றபடி வாசித்துக் காட்டச் சொன்னால், பட்டியலைப் பத்து முறை எழுதுவதைவிட நன்றாக மனதில் நிற்கிறது.

படிக்கும் ஒழுங்கு

கணினியில் பரீட்சை என்பதற்காகக் கணினியிலேயே படிக்க வேண்டாம். ஐந்து கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கிக் கையால் எழுதுங்கள். கிளெஃப், கீ சிக்னேச்சர், டைம் சிக்னேச்சர் என்ற வரிசையில் எழுதிப் பழகிய கைக்குத் தவறாக அச்சிட்ட வரியைப் பார்த்ததும் உறுத்தும். நடுக்கோட்டுக்கு மேலே உள்ள நோட்டுக்குக் காம்பு இடப்பக்கம் கீழ்நோக்கி, கீழே உள்ள நோட்டுக்கு வலப்பக்கம் மேல்நோக்கி என்பதும் எழுத எழுதத்தான் பழகும். கீ சிக்னேச்சரில் ஷார்ப் எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதும் அப்படியே: ட்ரெபிளில் எஃப் ஷார்ப் மேல் கோட்டில், பேஸில் நான்காம் கோட்டில்.

எழுதியதைத் தட்டுங்கள், பாடுங்கள், வாத்தியத்தில் வாசியுங்கள். தாளில் இருக்கும் ஒரு பார் காதில் எப்படி ஒலிக்கும் என்று தெரியாமல் தியரி படிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வகுப்பில் வாசித்துக்கொண்டிருக்கும் பாட்டையே எடுத்து, இதன் கீ என்ன, இந்த பாரில் எத்தனை எண்ணிக்கை, முதல் நோட்டுக்கும் இரண்டாவதுக்கும் இன்டர்வெல் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பரீட்சையின் கடைசிப் பகுதியில் ஒரு சிறு இசைத்துண்டைக் கொடுத்து இதைத்தான் கேட்கிறார்கள்.

தேர்வுக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது மாதிரி வினாத்தாள்களுக்குப் போகலாம், அதற்கு முன்னால் போவதில் பயன் குறைவு. ஒரு தாள் முடிந்ததும் மதிப்பெண்ணைவிட, தவறுகள் எந்த வகை என்று பாருங்கள். பெரும்பாலான தவறுகள் மூன்று இடத்திலிருந்து வரும்: கிளெஃபைப் பார்க்காமல் பெயர் சொன்னது, கீ சிக்னேச்சரை மறந்தது, இன்டர்வெல்லில் முதல் நோட்டை எண்ணாமல் விட்டது. அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் விடை தேடும் முன் விரலைக் கிளெஃபின் மேல் ஒருமுறை வைத்துவிட்டு, அப்புறம் கீ சிக்னேச்சரைப் பார்த்துவிட்டு நகரும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்த கிரேடில் ஏ மேஜர் வரும். இதுவரை சொன்ன சூத்திரம் கைவந்திருக்கிறதா என்று பார்க்க, புத்தகத்தைத் திறக்காமல் அதை இப்போதே எழுதிப் பாருங்கள். ஏயிலிருந்து ஏ வரை எட்டு எழுத்துகள், அப்புறம் ஒவ்வொரு அடியாக ஒப்பிடுதல். சி, எஃப், ஜி மூன்றுக்கும் ஷார்ப் வந்திருந்தால் விடை சரி.